மாதவிடாய்த் தூய்மையும் மாணவியர் கல்வியும்

நுழையும்முன்

ஒரு பெண் பள்ளிக்கு வருவதற்குப் பேருந்து, மிதிவண்டி, சீருடை, பாடநூல், மதிய உணவு ஆகியவை வேண்டும் என்பதை நம் சமூகம் உணர்ந்திருக்கிறது. அவற்றை வழங்கவும் செய்கிறது. அவள் பள்ளியில் மாலைவரை அச்சமின்றி அமர்ந்திருப்பதற்குத் தேவையானவை வேறு சில உண்டு. தாழ்ப்பாளுள்ள கழிப்பறைக் கதவு, ஒரு வாளித் தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி, தயங்காமல் பேசுவதற்கு ஒரு சொல் ஆகியன அவை. சிறியனவாகத் தோன்றும் இவை ஊரகப் பெண்கல்வியில் எத்துணைப் பெரிய இடம் வகிக்கின்றன என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

இயற்கையின் முறைமை

பெண் குழந்தை பெரும்பாலும் பத்து முதல் பதினாறு வயதிற்குள் பூப்பெய்துகிறாள். மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் தூண்டுதலால் அண்டகம் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் என்னும் இயக்குநீர்களைச் சுரக்கிறது. அவற்றின் விளைவாக ஒவ்வொரு சுழற்சியிலும் கருப்பையின் உட்சுவர் தடித்துக் கருவைத் தாங்க ஆயத்தமாகிறது. கரு உருவாகாதபோது அச்சுவர் கரைந்து குருதியுடன் வெளியேறுகிறது. இதுவே மாதவிடாய்.

இச்சுழற்சி பொதுவாக 28 நாள்கள் எனக் கூறப்படினும், 21 முதல் 35 நாள்கள் வரை அமைவதும் இயல்பே. பூப்பெய்திய முதல் ஓரிரு ஆண்டுகளில் இது சீரற்றும் இருக்கலாம். குருதிப்போக்கு இரண்டு முதல் ஏழு நாள்கள் வரை நீடிக்கும். அந்நாள்களில் வெளியேறும் குருதியின் அளவு பெரும்பாலோர்க்கு 80 மில்லிலிட்டருக்கும் குறைவு. உடலின் அழுக்கு இதன்வழி வெளியேறுகிறது என்று சிலர் எண்ணுவது தவறு. கருவை ஏந்தி வளர்ப்பதற்காக உடல் அமைத்த மெத்தை, தேவையில்லாதபோது கலைக்கப்படுகிறது, அவ்வளவே. உலகில் பிறந்த ஒவ்வொரு மனிதரும் இம்முறைமையின் பயனே என்பதை எண்ணினால், இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை என்பது விளங்கும்.

சொல்லாத சொல்

தமிழில் இந்நிகழ்வைக் குறிக்கப் பல சொற்கள் வழங்குகின்றன. தொல்காப்பியக் கற்பியல் 'பூப்பு' என்னும் சொல்லை ஆள்கிறது. மலர்தலைக் குறிக்கும் அச்சொல்லில் இழிவு சிறிதும் இல்லை. பின்னாளில் பேச்சு வழக்கில் 'தீட்டு', 'தூரம்', 'வீட்டு விலக்கு' என்னும் சொற்கள் பெருகின. இவையெல்லாம் பெண்ணின் உடலில் நிகழ்வதைக் கூறாமல், அவளை எங்கே நிறுத்தவேண்டும் என்பதையே கூறுகின்றன.

விலக்கி வைக்கும் வழக்கம் நெடுங்காலமாக நிலவிவருவது. முருகன் கோயிலில் கலங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் மகளிரை உவமையாகக் காட்டும் பொன்முடியாரின் பாடல் ஒன்று புறநானூற்றில் (299) உள்ளது. அம்மகளிர் மாதவிலக்குற்றவர் என உரைகாரர் விளக்குவர். ஒரு வழக்கம் பழைமையானது என்பது அதன் வரலாற்றைக் காட்டும். அதன் நியாயத்தைக் காட்டாது.

இவ்வழக்கத்தில் ஒரு முரணும் உண்டு. மகள் பூப்பெய்தியதை ஊரறியப் பந்தலிட்டு, தாய்மாமன் சீர்வரிசையோடு, மஞ்சள் நீராட்டு விழாவாகக் கொண்டாடும் குடும்பமே, மறுமாதம் முதல் அதைப் பற்றிப் பேசுவதற்குக் கூசுகிறது. விழாவில் ஊருக்குச் செய்தி சொல்லப்படுகிறது; பெண்ணுக்கு அறிவு சொல்லப்படுவதில்லை. தனக்கு என்ன நேர்கிறது என்பதை அறியாத சிறுமி, முதல்முறை குருதியைக் கண்டதும் தனக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்று அஞ்சுகிறாள். அவ்வச்சத்தைக் கேட்பதற்கும் அவளிடம் ஒரு சொல் இல்லை.

வகுப்பறைக்கும் வீட்டிற்கும் இடையே

பூப்பெய்துவதோடு பெண்ணின் பள்ளிப் படிப்பு முடிவுற்ற காலம் ஒன்று இருந்தது. 1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமியும் பூப்பெய்தியபின் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். ஆயினும் அவர்தம் தந்தை நாராயணசாமி வீட்டிலேயே கல்வியைத் தொடரச் செய்தார். தனித்தேர்வராகத் தேர்ச்சி பெற்ற அவர், பின்னர் ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1912ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையின் துணைத்தலைவரானார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவக் காரணமானார். கதவு அடைபட்டபோது வீட்டிற்குள்ளே ஒரு வகுப்பறையை அமைத்துத்தர ஒரு தந்தை இருந்தமையால் தமிழகத்திற்கு மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி கிடைத்தார். அத்தகைய தந்தையைப் பெறாத சிறுமியர் எத்தனை பேரை அக்காலம் இழந்ததோ, கணக்கில்லை.

இன்று பூப்பெய்தியதும் பள்ளியை நிறுத்துவது பெரிதும் குறைந்துவிட்டது. எனினும் இழப்பு வேறு வடிவில் தொடர்கிறது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை பயிலும் ஒரு மாணவி மாதத்திற்கு ஒரு நாள் மட்டும் இதன்பொருட்டு வீட்டில் தங்குவதாகக் கொள்வோம். பள்ளி இயங்கும் பத்து மாதங்களுக்குப் பத்து நாள்கள். ஐந்தாண்டுகளுக்கு ஐம்பது நாள்கள். ஒரு கல்வியாண்டின் வேலைநாள்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இது. கணிதத்தில் ஒருநாள் விடுபட்ட படிநிலை, அடுத்தநாள் பாடத்தையும் புரியாததாக்கிவிடும்.

வருகைப் பதிவேடு அளக்காத இழப்பும் உண்டு. பள்ளிக்கு வந்த மாணவி, உடையில் கறை படிந்துவிடுமோ என்று அஞ்சிக் கடைசி இருக்கையில் அமர்கிறாள். விடை தெரிந்தும் எழுந்து நின்று சொல்வதில்லை. விளையாட்டு வேளையில் மைதானத்திற்குச் செல்வதில்லை. கழிப்பறைக்குச் செல்ல நேருமே என்று காலைமுதல் தண்ணீர் குடிப்பதையும் தவிர்க்கிறாள். அதனால் சிறுநீர்த் தொற்றுக்கும் ஆளாகிறாள். பதிவேட்டில் அவள் அன்று பள்ளிக்கு வந்தவள், பாடத்திற்கு வராதவள்.

கைக்கெட்டிய பொருள்

முதல் உலகப்போர்க் காலத்தில் காயங்களுக்குக் கட்டுப்போட மரக்கூழிலிருந்து செய்த பஞ்சு பயன்பட்டது. குருதியை நன்கு உறிஞ்சும் அதனைச் செவிலியர் தம் மாதவிடாய்த் தேவைக்கும் பயன்படுத்தினர். அதிலிருந்தே 1920ஆம் ஆண்டளவில் மரக்கூழ்ப் பஞ்சாலான நாப்கின் கடைகளில் விற்பனைக்கு வந்தது. ஆயினும் இந்தியச் சிற்றூர்ப் பெண்களுக்கு அது நெடுங்காலம் எட்டாத பொருளாகவே இருந்தது.

அந்நிலையை மாற்ற முனைந்தோருள் ஒருவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம். தந்தையை இழந்தமையால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டறைத் தொழிலாளியாக வாழ்ந்தவர் அவர். தம் மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டு, குறைந்த விலையில் நாப்கின் செய்ய முற்பட்டார். வெறும் பஞ்சால் செய்தது பயன்படவில்லை. சோதித்துப் பார்க்க முன்வருவோரும் இல்லை. ஆட்டுக் குருதி நிரப்பிய கால்பந்துப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு தாமே சோதித்தார். ஊரார் ஏளனம் செய்தனர். குடும்பத்தாரும் சிலகாலம் அவரைவிட்டுப் பிரிந்திருந்தனர். நிறுவனங்கள் பயன்படுத்துவது மரக்கூழிலிருந்து கிடைக்கும் செல்லுலோஸ் என்பதைச் சில ஆண்டுகளுக்குப் பின்னரே கண்டறிந்தார். அதனை அரைத்து, அழுத்தி, உறையிட்டு, தொற்றுநீக்கும் எளிய இயந்திரங்களை உருவாக்கினார். அவற்றைப் பெருநிறுவனங்களுக்கு விற்காமல் மகளிர் தன்னுதவிக் குழுக்களுக்கு வழங்கியதே அவர் செய்த பெருஞ்செயல். 2016ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

தமிழ்நாடு அரசு 2011இல் அறிவித்து 2012இல் நடைமுறைப்படுத்திய 'புதுயுகம்' திட்டம், ஊரகப் பகுதியில் வாழும் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு விலையில்லா நாப்கினைக் கொண்டு சேர்த்தது. பள்ளிகள், அங்கன்வாடிகள், கிராமச் சுகாதாரச் செவிலியர் வழியாக இவை வழங்கப்படுகின்றன. 2017 ஜூலையில் நாப்கின்மீது 12 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து 2018 ஜூலையில் அவ்வரி நீக்கப்பட்டது.

| தெரிந்து தெளிவோம் |
|---|
| புதுயுகம் திட்ட வரையறையின்படி ஒரு பெண்ணுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மூன்று பொதிகள். ஒரு பொதியில் ஆறு நாப்கின்கள். ஆண்டிற்கு 18 பொதிகள், அதாவது 108 நாப்கின்கள். மாதத்திற்கு 9. ஆறு மணி நேரத்திற்கு ஒன்று என மாற்றினால் நான்கு நாள்களுக்கு 16 நாப்கின்கள் தேவைப்படும். எஞ்சிய தேவைக்குக் கடையையோ துணியையோ நாடவேண்டியுள்ளது. |

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2019–21ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் நான்கில் மூன்று பங்கினர்க்கு மேல் தூய்மையான முறைகளைக் கையாள்கின்றனர். ஊரகப் பெண்களிடையே இவ்விழுக்காடு நகர்ப்புறத்தைவிடக் குறைவு. தமிழ்நாட்டிலோ பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இம்முறைகளைக் கையாள்கின்றனர்.

தாழ்ப்பாளுள்ள கதவு

பொருள் கைக்கு வந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? நேபாளத்தின் சித்வன் பகுதியில் நடந்த ஓர் ஆய்வு இவ்வினாவிற்கு விடை தேடியது. மாணவியர் சிலருக்கு மாதவிடாய்க் கிண்ணம் வழங்கி, அதனைப் பெறாதவர்களோடு அவர்களது பள்ளி வருகையை ஒப்பிட்டனர். கிண்ணத்தைப் பெற்றவர்களுக்குத் துணி துவைக்கும் வேலை குறைந்தது; ஆனால் வருகையில் குறிப்பிடத்தக்க மாற்றம் நிகழவில்லை. அப்பகுதியில் மாதவிடாயால் பள்ளியைத் தவறவிடும் நாள்களே மிகக் குறைவாக இருந்தன. ஓரூரின் முடிவை எல்லா ஊர்க்கும் பொதுவாக்க இயலாது. எனினும் பொருளை மட்டும் வழங்கிவிட்டு அனைத்தும் நிறைவேறியதாகக் கருதலாகாது என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

இந்தியப் பள்ளிகளில் 2003ஆம் ஆண்டுக்குப்பின் கட்டப்பட்ட கழிப்பறைகளைப் பற்றி அஞ்சலி அடுகியா என்னும் அறிஞர் ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார். கழிப்பறை அமைந்த பள்ளிகளில் மாணவர் சேர்க்கை உயர்ந்தது. சிறு குழந்தைகளுக்கு எத்தகைய கழிப்பறையும் பயன்பட்டது. பூப்பெய்தும் வயதிலுள்ள பெண்களுக்கோ, தனியே அமைந்த கழிப்பறையே பயன் தந்தது. இருபாலர்க்கும் பொதுவான கழிப்பறை பயன் தரவில்லை. வளரும் பெண்ணுக்குக் கட்டடத்தைக் காட்டிலும் மறைவும் காப்புமே முதன்மையானவை என்பது இதனால் தெளிவாகிறது.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் மாணவர்க்கும் மாணவியர்க்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என விதித்தது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பள்ளிகள் அனைத்திலும் ஆறு மாதங்களுக்குள் கழிப்பறை வசதி செய்யவேண்டும் என ஆணையிட்டது. இவற்றின் பயனாகக் கட்டடங்கள் எழுந்தன. ஆனால் கட்டடம் எழுவது ஒருநாள் நிகழ்வு. அதனைப் பேணுவது அன்றாடப் பணி. உடைந்த கதவு, வறண்ட குழாய், பூட்டப்பட்ட அறை ஆகியவற்றைக் கொண்ட கழிப்பறையும் ஆய்வுப் படிவத்தில் 'உள்ளது' என்றே குறிக்கப்படும். உள்ளிருந்து தாழிட முடிகிறதா, மாலை மூன்று மணிக்கும் தண்ணீர் வருகிறதா, கை கழுவச் சோப்பு இருக்கிறதா, பயன்படுத்தியதைப் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா என்னும் நான்கு வினாக்களுக்கும் 'ஆம்' என விடை வந்தால்தான் கழிப்பறை உண்மையில் உள்ளதாகப் பொருள்.

பயன்படுத்திய நாப்கினைக் கழிவறைக்குள் போடுவதால் குழாய் அடைபடுகிறது. அதனால் கழிப்பறை பூட்டப்படுகிறது. பூட்டப்பட்ட கழிப்பறையால் மாணவி வீட்டிற்குச் செல்கிறாள். தொட்டி ஒன்று இல்லாமையால் விளையும் தொடர் இது. நாப்கினின் நெகிழிப் பகுதி எளிதில் மக்காது. பயன்படுத்தியதை உறையிலோ தாளிலோ நன்கு சுற்றி உலர்கழிவுத் தொட்டியில் இடவேண்டும் எனத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் (2016) கூறின. அதனைக் கையால் அள்ளும் தூய்மைப் பணியாளரும் மாண்புடைய மனிதர் என்பதை நினைவில் கொண்டால், சுற்றாமல் எறியும் வழக்கம் மறையும்.

உடலைப் பேணுதல்

நாப்கினோ துணியோ எதுவாயினும் நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்குள் மாற்றவேண்டும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். துணியைப் பயன்படுத்துவது இழிவன்று. தூய பருத்தித் துணி ஏற்றதே. ஆனால் அதனைச் சோப்பிட்டு அலசி நேரடி வெயிலில் உலர்த்தவேண்டும். பிறர் பார்வைக்கு அஞ்சிக் கட்டிலுக்கு அடியிலும் கூரை இடுக்கிலும் ஈரத்துடன் மறைத்து வைப்பதாலேயே தொற்று உண்டாகிறது. துணி தீங்கு செய்வதில்லை. கூச்சமே தீங்கு செய்கிறது.

தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர்க்குக் குருதிச்சோகை உள்ளதாகக் காட்டுகிறது. மாதந்தோறும் குருதியை இழக்கும் வளரிளம் பெண்ணுக்கு இரும்புச்சத்து மிகுதியாகத் தேவை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள், பேரீச்சை முதலியவற்றை அன்றாட உணவில் சேர்த்தல் நன்று. நெல்லிக்காயும் எலுமிச்சையும் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். உணவோடு அருந்தும் தேநீர் அதனைத் தடுக்கும். பள்ளியில் வாரந்தோறும் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ளவேண்டும்.

| தெரிந்து தெளிவோம் |
|---|
| மருத்துவரை நாடவேண்டிய நிலைகள்: ஏழு நாள்களுக்கு மேல் குருதிப்போக்கு நீடித்தல், ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை நாப்கினை மாற்ற நேர்தல், அன்றாடப் பணிகளைச் செய்ய இயலாத அளவிற்கு வலி, 15 வயது நிறைந்தும் பூப்பெய்தாமை. மருத்துவ அறிவுரைக்குத் தமிழ்நாட்டில் 104 என்னும் எண்ணை அழைக்கலாம். |

அனைவர்க்கும் உரிய பொறுப்பு

மாதவிடாய் பற்றிய பாடம் வரும்போது மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டு மாணவியர்க்கு மட்டும் நடத்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வெளியே அனுப்பப்படும் மாணவன் அது தனக்குரியதன்று, நகைப்பிற்குரியது என்று கற்றுக்கொள்கிறான். உள்ளே அமர்ந்து கற்றவனோ, தங்கைக்குக் கடையில் நாப்கின் வாங்கிவரத் தயங்காத அண்ணனாகிறான். நாளை மனைவியின் வலியை உணரும் கணவனாகிறான். கழிப்பறைக்கு நிதி ஒதுக்கும் ஊராட்சித் தலைவராகவும் ஆகலாம். உடன்பயிலும் மாணவியின் உடையில் கறையைக் கண்டால் நகைக்காமல் இருப்பது நாகரிகம். அவள் தோழியிடம் மெல்ல அறிவிப்பது அன்பு.

தாய்தந்தையர் இதனை மகளிடம் பூப்பெய்துவதற்கு முன்பே பேசவேண்டும். ஆசிரியர்கள் ஓரிரு நாப்கின்களை வகுப்பிலேயே எடுத்துக்கொள்ளத்தக்க இடத்தில் வைக்கலாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். தாழ்ப்பாளும் தண்ணீரும் தொட்டியும் அக்குழுவின் கூட்டப் பொருளாகவேண்டும். அங்கே தீராதது கிராமசபைக்குச் செல்லவேண்டும். கேட்பதற்கு வழிகள் உள்ளன. கேட்கும் குரலே இன்னும் தாழ்ந்து ஒலிக்கிறது.

பள்ளியில் பெண்ணை நிலைபெறச் செய்வன மூன்று: கையில் பொருள், பள்ளியில் இடம், வாயில் சொல். முதலாவதை அரசும் அறிவியலும் பெருமளவு கொண்டுவந்து சேர்த்துள்ளன. இரண்டாவது, ஊரும் பள்ளியும் நாள்தோறும் காக்கவேண்டியது. மூன்றாவதற்குப் பணம் வேண்டுவதில்லை, ஆணையும் வேண்டுவதில்லை. இயல்பான ஒன்றை இயல்பாகச் சொல்லும் துணிவு போதும். "இன்று எனக்கு மாதவிடாய், சற்றுக் கழிப்பறைக்குச் சென்றுவர வேண்டும்" என்று ஒரு மாணவி தலைநிமிர்ந்து கூறவும், வகுப்பு அதனைத் தலைவலி என்பதைப் போலவே கேட்டுக்கொள்ளவும் முடிகின்ற நாளில், ஊரகப் பெண்கல்வியின் பழைய தடை ஒன்று நீங்கியிருக்கும்.

கற்பவை கற்றபின்

1. பள்ளிக் கழிப்பறையை, பாடத்தில் கூறப்பட்ட நான்கு வினாக்களின் அடிப்படையில் ஒரு வாரம் கவனித்து அறிக்கை எழுதுக.
2. மாதவிடாயைக் குறிக்க உங்கள் பகுதியில் வழங்கும் சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றும் உணர்த்தும் மனப்பான்மையை வகுப்பில் கலந்துரையாடுக.
3. பள்ளி மேலாண்மைக் குழுவிற்குத் தேவைகளைக் குறிப்பிட்டு விண்ணப்பம் ஒன்று வரைக.

இலக்கணக் குறிப்பு

சொல்லாத சொல் – எதிர்மறைப் பெயரெச்சம்
உடைந்த கதவு – பெயரெச்சம்
தாய்தந்தையர் – உம்மைத்தொகை

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

1. தொல்காப்பியத்தில் 'பூப்பு' என்னும் சொல் இடம்பெறும் இயல்
அ) களவியல் ஆ) கற்பியல் இ) புறத்திணையியல் ஈ) மரபியல்

2. நாப்கின்மீதான சரக்கு மற்றும் சேவை வரி நீக்கப்பட்ட ஆண்டு
அ) 2012 ஆ) 2016 இ) 2017 ஈ) 2018

*குறுவினா*

1. மாதவிடாய்த் துணியை வெயிலில் உலர்த்தவேண்டியது ஏன்?
2. 'பதிவேட்டில் வந்தவள், பாடத்திற்கு வராதவள்' – இத்தொடரின் பொருளை விளக்குக.

*சிறுவினா*

1. முருகானந்தத்தின் முயற்சியில் நீவிர் வியப்பவற்றை எழுதுக.
2. நேபாள ஆய்வும் இந்தியக் கழிப்பறை ஆய்வும் உணர்த்தும் கருத்துகளை ஒப்பிடுக.

*நெடுவினா*

1. 'பொருள், இடம், சொல் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஊரகப் பெண்ணைப் பள்ளியில் நிலைபெறச் செய்யும்' – இக்கூற்றை உங்கள் ஊர்ச் சூழலோடு பொருத்தி ஆராய்க.